ஏழுக்கு ஏழு ஜெயிச்ச சேப்பாக் வெளியே... கோப்பை திருப்பூருக்கு! டிஎன்பிஎல் பிளே-ஆஃப் முறை நியாயமா?

லீக் சுற்றில் 7 போட்டி. ஏழிலும் வெற்றி. 14 புள்ளிகளோடு பட்டியலில் முதலிடம். ஆனா ஃபைனல்ல ஆளையே காணோம்.

2025 டிஎன்பிஎல் சீசனில் சேப்பாக் சூப்பர் கில்லீஸ் அணிக்கு நடந்தது இதுதான். பட்டியலில் இரண்டாவதாக வந்த ஐடிரீம் திருப்பூர் தமிழன்ஸ், ஜூலை 6 ஞாயிற்றுக்கிழமை நடந்த ஃபைனலில் திண்டுக்கல் டிராகன்ஸை 118 ரன் வித்தியாசத்தில் சுருட்டி, முதல்முறையாகக் கோப்பையைத் தூக்கியிருக்கிறது.

பனியன் ஊர் கொண்டாட்டத்தில் இருக்கிறது. சேப்பாக் ரசிகர்களுக்கோ ஆறாத கோபம். மொத்தம் 8 அணிகள், ஒவ்வொரு அணியும் மற்ற 7 அணிகளோடு ஒருமுறை மோதியது. அப்படின்னா ஃபைனலில் ஆடிய திருப்பூர், திண்டுக்கல் இரண்டையுமே சேப்பாக் லீக்கில் ஏற்கெனவே தோற்கடித்துவிட்டது. "ரெண்டு பேரையும் அடிச்சவன் வெளிய நிக்கிறான், அடி வாங்கின ரெண்டு பேரும் ஃபைனல் ஆடுறாங்க, இது என்ன நியாயம்?" என்ற கேள்வி எழத்தானே செய்யும்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்கான பதில் சேப்பாக் ரசிகர்கள் எதிர்பார்க்கும் இடத்தில் இல்லை.

*நாலே நாளில் என்ன நடந்தது?*

பிளே-ஆஃப் போட்டிகள் எல்லாமே திண்டுக்கல் நத்தம் என்பிஆர் கல்லூரி மைதானத்தில்தான் நடந்தன. முதல் குவாலிஃபயரில் சேப்பாக்கும் திருப்பூரும் மோதின. 79 ரன் வித்தியாசத்தில் திருப்பூர் வெற்றி. லீக் முழுக்கத் தோல்வியே பார்க்காத அணி, முதல் தோல்வியையே இவ்வளவு பெரிதாக வாங்கியது.

எலிமினேட்டரில் திண்டுக்கல்லும் திருச்சி கிராண்ட் சோழாஸும். அங்கே அஸ்வின் ஒருத்தரே போட்டியை முடித்துவிட்டார். 3 விக்கெட், பிறகு பேட்டிங்கில் 83 ரன்.

அடுத்தது இரண்டாவது குவாலிஃபயர். பாபா அபராஜித் தலைமையிலான சேப்பாக்குக்கு இது கடைசி வாய்ப்பு. 178 ரன் எடுத்தார்கள். மோசமான ஸ்கோர் இல்லை. போட்டியும் அவர்கள் கையில்தான் இருந்தது. திண்டுக்கல்லின் விமல் குமார் ஒரே ஓவரில் 34 ரன் விளாசும் வரை! 30 பந்தில் 65 அடித்தார் அவர். திண்டுக்கல் 4 விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தது.

ஒரு மாதம் ஆடிய ஆட்டம் ஆறே பந்தில் கைமாறியது. டி20 என்றாலே அப்படித்தான். ஆனால் ஒரு மாத உழைப்புக்கு என்ன மதிப்பு என்பதுதான் இங்கே பஞ்சாயத்து.

*இந்த முறை எங்கிருந்து வந்தது?*

முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் மோதி, ஜெயித்தவர் நேரா ஃபைனல். தோற்றவருக்கு இன்னொரு வாய்ப்பு. 3, 4-வது இடத்தில் இருப்பவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை, ஒரு தோல்வி என்றாலே வீட்டுக்கு. ஐபிஎல் பார்க்கும் எல்லோருக்கும் பழகிப்போன இந்த முறை கிரிக்கெட்டில் பிறந்தது இல்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா ஃபுட்பால் லீக்கில் 1931-ல் அறிமுகமானது. ஐபிஎல்லில் முதல் மூன்று சீசன் சாதாரண அரையிறுதி முறைதான் இருந்தது. 2011-ல்தான் இந்த 'ரெண்டாவது சான்ஸ்' முறை வந்தது.

திருப்பூர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல இன்னொரு வழி இருக்கிறது. 10,000 பீஸ் ஆர்டர். நிட்டிங், டையிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்ன் என்று ராத்திரி பகலா ஓட்டி முடிக்கிறார்கள். கடைசியில் பையர் தரப்பு கியூசி வந்து ஃபைனல் இன்ஸ்பெக்ஷனில் பிரித்துப் பார்ப்பது 200 பீஸ். அந்த 200-ல் தையல் விட்டதும் கறை பட்டதும் அளவுக்கு மேலே போனால் மொத்த லாட்டும் ஃபெயில். மீதி பீஸ் எல்லாம் பளிச்சென்று இருந்ததே என்று கியூசியிடம் வாதாட முடியாது. ஆனா ரீ-இன்ஸ்பெக்ஷன் உண்டு. மறுபடி பிரித்து, செக் பண்ணி, திரும்ப வைக்கலாம்.

சேப்பாக்குக்கும் ரீ-இன்ஸ்பெக்ஷன் கிடைத்தது. அதிலும் ஃபெயில்.

*கணக்கு என்ன சொல்லுது?*

நான்கு அணிகளும் சம பலம், எந்தப் போட்டியும் 50-50 என்று வைத்துக்கொள்வோம். சாதாரண அரையிறுதி முறையில் ஒவ்வொரு அணிக்கும் கோப்பை வாய்ப்பு 25 சதவீதம். இந்த முறையில் முதல் இரண்டு அணிகளுக்கு ஃபைனல் வாய்ப்பு 75 சதவீதம், கோப்பை வாய்ப்பு 37.5 சதவீதம். 3, 4-வது அணிகளுக்குக் கோப்பை வாய்ப்பு வெறும் 12.5. அதாவது மூன்று மடங்கு வித்தியாசம்.

நிஜத்திலும் ஏறக்குறைய அப்படித்தான். 2011 முதல் 2025 வரை 15 ஐபிஎல் சீசன். பட்டியலில் இரண்டாம் இடம் பிடித்த அணி 9 முறை கோப்பை வென்றிருக்கிறது. முதலிடம் பிடித்த அணி 5 முறை. மூன்றாம் இடத்திலிருந்து வந்து தட்டிச் சென்றது 2016-ல் சன்ரைசர்ஸ் மட்டும்தான். நான்காம் இடத்திலிருந்து யாருமே இல்லை.

ஆக, 'நல்லா ஆடினவங்களுக்கு இந்த முறையில் மரியாதையே இல்லை' என்பது தப்பு. மரியாதை நிறையவே இருக்கிறது. கோளாறு வேறு இடத்தில்.

முதலிடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் வித்தியாசமே இல்லை என்பதுதான் அந்தக் கோளாறு. சேப்பாக் 14 புள்ளி எடுத்து வாங்கிய அதே டிக்கெட்தான் அவர்களிடம் தோற்ற திருப்பூருக்கும் கிடைத்தது. அதே இரண்டு வாய்ப்பு, அதே மைதானம். அவ்வளவு ஏன், கடைசி லீக் போட்டிகளில் சேப்பாக் தோற்றிருந்தாலும், முதல் இரண்டு இடத்தில் இருக்கும்வரை அவர்களுக்கு ஒரு நஷ்டமும் வந்திருக்காது. ஏழாவது வெற்றிக்கு விலையே இல்லை!

இதில் சேப்பாக் தனி ஆளும் இல்லை. ஐபிஎல்லில் லீக் முதலிடம் பிடித்தும் ஃபைனலை எட்டிப் பார்க்காத அணிகள் உண்டு. 2012-லும் 2021-லும் டெல்லி, 2016-ல் குஜராத் லயன்ஸ். மூவருமே இரண்டு குவாலிஃபயரிலும் தோற்றவர்கள்.

*திருப்பூர் மட்டும் இதை அனுபவிக்கலையா?*

நன்றாகவே அனுபவித்திருக்கிறது. போன வருஷம், அதாவது 2024-ல், முதல் குவாலிஃபயரில் லைகா கோவை கிங்ஸிடம் தோல்வி. சரி, இன்னொரு வாய்ப்பு இருக்கே என்று இரண்டாவது குவாலிஃபயருக்குப் போனால், எலிமினேட்டர் வழியாக ஏறி வந்த திண்டுக்கல் 9 விக்கெட் வித்தியாசத்தில் அடித்து அனுப்பியது. அந்த வருஷம் கோப்பையையும் திண்டுக்கல்தான் வாங்கியது. இந்த வருஷம் சேப்பாக் நிற்கிற அதே இடத்தில் போன வருஷம் சாய் கிஷோரின் அணி நின்றது.

இந்த சீசனில் திருப்பூர் 'லக்'கில் ஜெயித்தது என்பவர்களுக்கும் ஒரு தகவல். லீக் சுற்றில், ஜூன் 8 அன்று கோவையில் இதே திண்டுக்கல்லை 93 ரன்னுக்குச் சுருட்டி, 9 விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தவர்கள் இவர்கள். ஃபைனலில் அமித் சாத்விக் 34 பந்தில் 65, துஷார் ரஹேஜா 46 பந்தில் 77. ஸ்கோர் 220. பதிலுக்கு திண்டுக்கல் 14.4 ஓவரில் 102 ஆல் அவுட். சீசன் முழுக்க ரஹேஜா குவித்தது 488 ரன். குவாலிஃபயரில் 79 ரன் வித்தியாசம், ஃபைனலில் 118 ரன் வித்தியாசம். இதை யாரும் அதிர்ஷ்டக் கணக்கில் எழுத முடியாது.

சேப்பாக்கை அநியாயமாக அனுப்பிவிட்டார்கள் என்பதும், திருப்பூர் தகுதியான சாம்பியன் என்பதும் ஒன்றுக்கொன்று எதிரான வாதம் இல்லை. ரசிகர்கள் சண்டையில் இதுதான் காணாமல் போகிறது.

*முதலிடத்துக்கு நேரா ஃபைனல் கொடுத்தா?*

கேட்க நல்லா இருக்கு. நம்ம ஊரிலேயே அதற்கு உதாரணமும் இருக்கு. மகளிர் பிரீமியர் லீக்கில் முதலிடம் பிடிக்கும் அணி நேராக ஃபைனல் போய்விடும். 2, 3-வது அணிகள் எலிமினேட்டர் ஆடி வரவேண்டும். 2023, 2024, 2025 மூன்று சீசனிலும் டெல்லி கேப்பிடல்ஸ்தான் முதலிடம். மூன்று முறையும் நேரா ஃபைனல். மூன்று முறையும் தோல்வி! இரண்டு முறை மும்பையிடம், ஒருமுறை பெங்களூருவிடம். இருந்தாலும் 'எங்களுக்கு ஃபைனலே கிடைக்கல' என்று டெல்லி ரசிகர்கள் புலம்ப வழியில்லை. முதலிடத்துக்கு அந்த அளவுக்காவது ஒரு விலை இருந்தது.

ஃபைனலே வேண்டாம், பட்டியலில் யார் மேலே இருக்கிறார்களோ அவர்களே சாம்பியன் என்பது இன்னொரு வழி. உலகின் பெரிய ஃபுட்பால் லீக்குகள் பலவற்றில் அதுதான் நடைமுறை. கொங்கு மண்டலம் இதை நேரிலேயே பார்த்திருக்கிறது. பெயரில் சென்னை இருந்தாலும் கோவை நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாக வைத்து ஆடிய சென்னை சிட்டி எஃப்சி, 2018-19 ஐ-லீக்கை 43 புள்ளியோடு வென்றது. ஈஸ்ட் பெங்கால் 42. ஒரே ஒரு புள்ளி. கடைசி நாள் வரை இழுத்த பரபரப்பு. ஆனால் ஐ-லீக் சாம்பியனுக்கு ஐஎஸ்எல் கதவு அப்போது திறக்கப்படவில்லை. லீக்கையே ஜெயித்தாலும் மேலே போக வழியில்லை என்றால் 'தகுதி' என்ற வார்த்தைக்கே அர்த்தம் இல்லை. அதைப் பார்த்தால் சேப்பாக்கின் குறை சின்னக் குறைதான்.

இன்னும் வேடிக்கை அமெரிக்காவில். அங்கே கல்லூரி ஃபுட்பால் அணிகளில் யார் சாம்பியன் பட்டத்துக்கு ஆட வேண்டும் என்பதைப் பட்டியல் முடிவு செய்வதில்லை, 13 பேர் கொண்ட தேர்வுக் குழு உட்கார்ந்து முடிவு செய்யும். 2023 சீசனில் ஃப்ளோரிடா ஸ்டேட் அணி ஆடிய 13 போட்டியிலும் ஜெயித்தது. முக்கிய வீரருக்குக் காயம், இனி இந்த அணி முன்பு போல ஆடாது என்று சொல்லி, 4 அணிகள் பட்டியலில் குழு அதற்கு இடம் தரவில்லை. ஆளுக்கு ஒரு தோல்வி கண்ட டெக்சாஸும் அலபாமாவும் உள்ளே போயின. தோற்று வெளியே போவது ஒரு வலி. தோற்காமலே வெளியே போவது?

சேப்பாக்கை யாரும் அறையில் உட்கார்ந்து நீக்கவில்லை. இரண்டு முறை மைதானத்தில் தோற்றார்கள்.

*ரன்ரேட் பஞ்சாயத்தும் உண்டு*

இரண்டு அணிகள் ஒரே புள்ளியில் நின்றால் நெட் ரன்ரேட். ஓவருக்கு எவ்வளவு எடுத்தோம் என்பதிலிருந்து எவ்வளவு கொடுத்தோம் என்பதைக் கழிக்க வேண்டும். ஆல் அவுட் ஆனால் முழு 20 ஓவரும் கணக்கில் வரும். உதாரணத்துக்கு இந்த ஃபைனலையே எடுத்தால், திருப்பூர் ஓவருக்கு 11. திண்டுக்கல் 14.4 ஓவரில் சுருண்டாலும் 102-ஐ 20-ஆல்தான் வகுக்க வேண்டும், 5.1. வித்தியாசம் 5.9. லீக்கில் இப்படி ஒரு போட்டி விழுந்தால் போதும், பட்டியலே தலைகீழ்.

2024 மே 18-ஐ சிஎஸ்கே ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெங்களூரு 218. சென்னை ஜெயிக்கக்கூட வேண்டாம், 201 எடுத்தாலே பிளே-ஆஃப். 191-ல் நின்றது. இரண்டு அணிக்கும் 14 புள்ளி, உள்ளே போனது ஆர்சிபி.

*சொந்த ஊர் யாருக்கு?*

டிஎன்பிஎல் அட்டவணையில் உண்மையிலேயே கேட்க வேண்டிய கேள்வி இதுதான். 2025 சீசன் போட்டிகள் நடந்தது கோவை, சேலம், திருநெல்வேலி, திண்டுக்கல் ஆகிய நான்கு ஊர்களில். பிளே-ஆஃப் மொத்தமும் திண்டுக்கல்லில். பிளே-ஆஃபில் இருந்த நான்கு அணிகளில் ஒன்று திண்டுக்கல். 14 புள்ளி எடுத்த அணி, தன்னைவிடக் கீழே இருந்த அணியின் ஊருக்குப் போய் உயிர்ப்போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. மைதானம் சீசனுக்கு முன்பே முடிவாகிவிடுவதால் யாரும் வேண்டுமென்றே செய்ததாகச் சொல்ல முடியாது. ஆனாலும் முதலிடத்துக்கு ஏதாவது சலுகை கொடுக்க நினைத்தால், செலவில்லாத சலுகை இங்கேதான் இருக்கிறது. எந்த ஊரில் ஆடுவது என்பதை முதலிடம் பிடித்தவர்களே தேர்வு செய்யட்டும். ஐஎஸ்எல்லில் லீக் முதலிடத்துக்குத் தனி கேடயமே கொடுத்திருக்கிறார்கள், அதையும் யோசிக்கலாம்.

சாம்பியன் அணியின் நிலைமை இன்னும் விநோதம். காரைக்குடி காளை என்று இருந்த அணிதான் 2021 சீசனில் திருப்பூர் தமிழன்ஸ் ஆனது. பெயர் ஊருக்கு வந்தது, போட்டி இன்னும் வரவில்லை. 2025-ல் திருப்பூரில் ஒரு போட்டிகூட இல்லை. பக்கத்தில் பார்க்க வேண்டுமென்றால் கோவைக்கு ஒரு மணி நேர பஸ். ஃபைனலுக்கு தாராபுரம், ஒட்டன்சத்திரம் தாண்டி நத்தம் வரை நூறு கிலோமீட்டருக்கும் மேல் போக வேண்டும். போட்டி முடிந்து ஊர் திரும்பினால், திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு ஷிப்ட்.