குண்டுக்குப் பெயிண்ட் அடித்தால் போதுமா?

கொஞ்ச நாளாக ஆணி அதிகம், இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியவில்லை. திக்லிபூரில் மழை வேறு விட்டபாடில்லை. கரண்ட் இருந்தால் நெட் இல்லை, நெட் இருந்தால் கரண்ட் இல்லை. இன்றைக்கு இரண்டும் சேர்ந்து வந்திருக்கிறது, விடக்கூடாது என்று உட்கார்ந்துவிட்டேன்.

டெக்சாஸில் இருக்கும் மச்சினன் ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். ஒரு தட்டு நிறையச் சிவப்புச் சிவப்பாக, பளபளவென்று வரிசையாக நின்றன. தங்கமணி எட்டிப் பார்த்துவிட்டு, "இவன் எதுக்கு இவ்ளோ லிப்ஸ்டிக் வாங்கி அடுக்கியிருக்கான்?" என்றாள். லிப்ஸ்டிக் இல்லை தாயே, துப்பாக்கிக் குண்டு. வீட்டிலேயே ஈயத்தை உருக்கி, அச்சில் வார்த்து, முதல் தடவையாகப் பவுடர் கோட்டிங் போட்டிருக்கிறான். "எப்படி இருக்கு அத்தான்? இனிமே ஈயம் கையில ஒட்டாது. வீட்ல குழந்தை இருக்குன்னு அவ பயந்துட்டே இருந்தா, அந்தப் பிரச்சினையும் முடிஞ்சுது" என்று கூடவே ஒரு சேதி.

முடிந்ததா என்பதுதான் இந்தப் பதிவு.

டிஸ்கி: துப்பாக்கி நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. அங்கே சொந்த உபயோகத்துக்குக் குண்டு வார்ப்பது ஒரு பொழுதுபோக்கு. நம் ஊரில் 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் அதைச் செய்தால் மாமியார் வீடுதான். நான் பேசப்போவது ஈயத்தைப் பற்றி மட்டும்.

வெறும் ஈயக்குண்டு துப்பாக்கிக் குழாய்க்குள் உரசிக்கொண்டு போகும்போது உள்ளே அப்பிக்கொள்ளும். கம்பெனிக் குண்டுகளில் அதற்காகத்தான் மேலே செம்புச் சட்டை போடுகிறார்கள். வீட்டில் வார்ப்பவர்கள் ரொம்ப காலம் மெழுகு மாதிரி ஒன்றைத் தடவிக்கொண்டிருந்தார்கள். இப்போது பீரோவுக்கும் சைக்கிளுக்கும் அடிக்கிற அதே பவுடர் பெயிண்டைப் போட்டுக் குலுக்கி, சின்ன ஓவனில் 200 டிகிரி சூட்டில் சுட்டு எடுக்கிறார்கள். பிளாஸ்டிக் தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளும். கையில் எடுத்தால் ஈயம் படாது. அதுவரைக்கும் மச்சினன் சொல்வது வாஸ்தவம்.

(குண்டின் மேல் எதைப் பூசுவது என்பது நமக்கெல்லாம் என்ன சம்பந்தம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கொசுறு. 1857-ல் என்ஃபீல்டு தோட்டாவில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் பூசியிருக்கிறது என்ற பேச்சில் கிளம்பியதுதான் சிப்பாய்களின் கலகம். அதில் பிடிபட்டவர்களை அடைக்க இடம் தேடித்தான் வெள்ளைக்காரன் இந்தத் தீவுகளைத் திரும்பிப் பார்த்தான். 1858 மார்ச்சில் டாக்டர் வாக்கர் 200 கைதிகளோடு போர்ட் பிளேரில் வந்து இறங்கினார். தோட்டாவில் தடவிய கொழுப்பு இல்லையென்றால் இந்தத் தீவின் கதையே வேறாக இருந்திருக்கும்.)

நிற்க. எங்கள் தெருவுக்கு வருவோம்.

இங்கே துப்பாக்கிக் குண்டு வார்ப்பவர் யாரும் இல்லை. ஆனால் ஈயக்குண்டு வார்ப்பவர்கள் உண்டு. வலைக்கு மேலே மிதவை, கீழே குண்டு. குண்டு இல்லாவிட்டால் வலை தண்ணீரில் சேலை மாதிரி மிதக்கும். மூன்று வீடு தள்ளி ஒரு அண்ணன் இருக்கிறார். பூர்வீகம் ராமநாதபுரம் பக்கம், அப்பா காலத்திலேயே இங்கே வந்தாயிற்று. ஏரியல் பேயில் படகு கட்டுகிறார். வங்காளியில் பேரம், தெலுங்கில் சண்டை, தமிழில் கிண்டல் என்று மூன்று பாஷையும் சரளம். பழைய பேட்டரியை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத் தகட்டை எடுத்து, வீட்டிலேயே உருக்கி, மணல் அச்சில் ஊற்றி வலைக்குண்டு செய்வார். போன மாதம் புதுசாக, படகுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயிண்டில் குண்டுகளை முக்கி எடுத்துக் கொடியில் காயப் போட்டிருந்தார்.

"எதுக்குண்ணே பெயிண்ட்?"

"ஈயம் ஆகாதுன்னு டிவியில சொன்னாங்க சார். பேத்தி எதை எடுத்தாலும் வாயில வைக்குது. பூசிட்டா பயமில்லைல்ல?"

டெக்சாஸில் சிவப்பு, திக்லிபூரில் நீலம். நம்பிக்கை மட்டும் ஒன்றே! என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன்: பூச்சு பூசுவது தப்பே இல்லை. ஆனால் அது கடைசி வேலை. ஆபத்து இருப்பதோ முதல் வேலையில், அதாவது உருக்கும் இடத்தில்.

நான் படித்தது உலோகவியல் (பார்க்கிற வேலை வேறு, அது வழக்கமான கதை). ஈயம் 327 டிகிரியில் உருகும். உருகின மேற்பரப்பில் சாம்பல் நிறத்தில் ஆடை மாதிரி படியும். அந்தக் கசடைக் கரண்டியால் வழித்து ஓரமாகப் போடுகிறோம் பாருங்கள், அதுதான் வில்லன். மாவு மாதிரி பொடியாகும். தரையில் விழும், லுங்கியில் ஒட்டும், விரல் இடுக்கில் உட்காரும். சூடு ஏற ஏறப் புகையும் சேரும். மச்சினனிடம் சூட்டைக் கட்டுப்படுத்த எலக்ட்ரிக் பானை இருக்கிறது. அண்ணனிடம் இருப்பது விறகு அடுப்பு, ஊதினால் எத்தனை டிகிரி என்று அடுப்புக்கே தெரியாது.

பேட்டரி ஈயம் இன்னும் மோசம். தகட்டில் இருப்பது சுத்த ஈயம் இல்லை. பாதிக்கு மேல் பசை மாதிரி அப்பிய ஈய உப்பும் ஆக்சைடும்தான். கூடவே கந்தக அமிலம், சிலவற்றில் ஆன்டிமனி, ஆர்சனிக். உடைக்கும்போதே பொடி பறக்கும். டெக்சாஸில் குண்டு வார்ப்பவர்கள்கூட ஒருவருக்கொருவர் முதலில் சொல்லிக்கொள்வது பேட்டரி ஈயத்தைத் தொடாதே என்பதுதான்.

இத்தனைக்கும் மேலே நம்ம மழை. வருஷத்துக்கு ஏறக்குறைய 3000 மில்லிமீட்டர் கொட்டும் ஊர் இது. உருகின ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் ஆவியாகி வெடித்து, ஈயம் முகத்துக்கே தெறிக்கும். இது அண்ணனுக்கு நன்றாகவே தெரியும், அதனால் உஷாராக வெளியே செய்ய மாட்டார். தகரக் கூரைக்குக் கீழே, சமையல்கட்டை ஒட்டினாற்போல் செய்வார். தெறிக்கும் ஆபத்திலிருந்து தப்பிக்கப் போய், பொடியை வீட்டுக்குள் கூட்டி வந்தாயிற்று. சாயங்காலம் குண்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறார். காலையில் பறந்த பொடி தரையில் கிடக்கிறது, பேத்தி அதே தரையில்தான் உட்கார்ந்து விளையாடுகிறாள்.

எங்கேயாவது நடந்திருக்கிறதா என்று கேட்பீர்கள். ஆப்பிரிக்காவில், செனகல் நாட்டுத் தலைநகர் டக்காருக்குப் பக்கத்தில் தியாரோய் சுர் மேர் என்று ஒரு கடலோர ஊர். அங்கேயும் கொல்லர்கள் வருஷக்கணக்காகப் பழைய பேட்டரியை உடைத்து ஈயம் எடுத்து வலைக்குண்டுதான் செய்துகொண்டிருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பிறகு ஈயத்துக்கு விலை ஏறியது. மண்ணோடு கலந்து கிடந்த ஈயத்தைக்கூடத் தோண்டி, மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சலித்தார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் நடுவில் 18 குழந்தைகள் இறந்துபோனார்கள். முதலில் ஏன் என்றே யாருக்கும் புரியவில்லை. இறந்த குழந்தைகளின் அண்ணன் தம்பி, அக்கா தங்கை, அம்மா எல்லோர் ரத்தத்தையும் சோதித்தபோதுதான் ஈயம் என்று தெரிந்தது. பேட்டரி, மீனவர், வலைக்குண்டு. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் நம்ம கதை.

இது மாதிரி கொத்தாகச் சாவு விழுந்தால்தான் செய்தி. மற்றபடி ஈயம் சத்தமில்லாமல் வேலை பார்க்கும். வாய்வழி போகும் ஈயத்தில் பெரியவர்கள் உடம்பு இழுப்பதைப் போல நாலைந்து மடங்கு குழந்தை உடம்பு இழுத்துக்கொள்ளும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இவ்வளவு வரைக்கும் பரவாயில்லை என்று ஒரு பாதுகாப்பான அளவே கிடையாதாம். எலும்பில் போய்த் தங்கும். பிள்ளை படிப்பில் கொஞ்சம் மந்தம், கொஞ்சம் முன்கோபம் என்றால் யார் ஈயத்தைச் சந்தேகப்படுவார்கள்? ரத்தப் பரிசோதனை ஒன்றுதான் சொல்லும். அதற்கு யாராவது டாக்டரிடம் "எங்க வீட்ல ஈயம் உருக்கறோம்" என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் இதைச் சொன்னால் வந்த பதில்: "போடா, ஈயச் சொம்பு ரசத்துலதான் நீ வளர்ந்தே. என்ன ஆயிட்டே இப்ப?"

என்ன ஆனேன் என்பதைத் தங்கமணியிடம் கேட்க வேண்டும் :-). ஆனால் இது பல தமிழ் வீடுகளில் இருக்கும் குழப்பம், அதனால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். தமிழில் ஈயம் என்று இரண்டு உலோகத்தைச் சொல்கிறோம். ரசச் சொம்பு வெள்ளீயம். பேட்டரியும் துப்பாக்கிக் குண்டும் வலைக்குண்டும் காரீயம். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும், அதனால்தான் வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் பாட்டி கத்துவாள். தெருவில் "பாத்திரத்துக்கு ஈயம் பூசலையோ" என்று கூவிக்கொண்டு வந்தவர் நவச்சாரம் போட்டுத் தேய்த்துப் பித்தளைக்குள் பூசியதும் வெள்ளீயம்தான். ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை என்பார்கள். புளி பட்டால் களிம்பு ஏறுகிற பித்தளைக்கு அந்த இளிப்பெல்லாம் ரொம்ப அதிகம். அங்கே பூச்சு நிஜமாகவே நம்மைக் காப்பாற்றியது, காரணம் பூசினதில் விஷம் இல்லை. ஆனாலும் ஒன்று: வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரிலிருந்து ஈயச் சொம்பு வாங்கிப் போகிறீர்கள். சல்லிசாகக் கொடுக்கிறான் என்று வாங்காதீர்கள். காரீயம் கலந்து விற்றால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

அண்ணனின் நீலப் பூச்சிலோ இன்னொரு வேடிக்கை. பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2016-ல் நம் அரசாங்கம் விதி போட்டது. ஆனால் அது வீட்டுப் பெயிண்டுக்கும் அலங்காரப் பெயிண்டுக்கும்தான். படகு பெயிண்ட் அந்தக் கணக்கில் வராது. ஈயத்தை மறைக்க அடித்த பெயிண்டிலேயே ஈயம் இருந்தால் என்ன செய்ய! இல்லையென்றே வைத்துக்கொண்டாலும், பவளப் பாறையிலும் மணலிலும் இழுபடுகிற குண்டில் அது எத்தனை நாள் நிற்கும்?

இதைப் படித்துவிட்டு "படிக்காத ஜனங்க, சொன்னா கேட்க மாட்டாங்க" என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வரும். டெக்சாஸ்காரன் எம்.எஸ். படித்தவன், அவனும் அதையேதான் கேட்டான். அண்ணனுக்கு அறிவு குறைவில்லை, வழிதான் குறைவு. கடைக்குண்டுக்குக் காசு வேண்டும், செத்த பேட்டரி கொல்லையில் சும்மா கிடக்கிறது. பழைய பேட்டரியைத் திரும்ப எடுத்துக்கொள்வது தயாரிப்பவர் பொறுப்பு என்று 2001-லிருந்தே விதி உண்டு, 2022-ல் அதைப் புதுப்பித்தும் விட்டார்கள். விதி டெல்லியில் எழுதியது. திக்லிபூரில் செத்த பேட்டரி முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ரோட்டில் போய், அப்புறம் கப்பலும் ஏற வேண்டும். புது பேட்டரிக்கு விலை சொல்லும்போதே பழசுக்கு நல்ல விலை கழித்தால் யார் அதை உடைக்கப் போகிறார்கள்? நாம் வாங்கும் இன்வர்ட்டர் பேட்டரிக்கும் இதே கதைதான். மாற்றும்போது பழசைக் கடையில் கொடுத்துவிடுங்கள், "வேணும்னா எடுத்துக்கோப்பா" என்று தெருவில் கொடுக்காதீர்கள்.

மச்சினனுக்கு எழுதியது இவ்வளவுதான்: கோட்டிங் அழகாக இருக்கிறது. உருக்குவதைக் கராஜை விட்டு வெளியே வை. கசடை மூடி போட்ட டப்பாவில் போடு, துடைப்பத்தால் பெருக்காதே, ஈரத்துணியால் துடை. அந்தச் சட்டையைக் குழந்தைத் துணியோடு துவைக்காதே. அந்த ஓவனில் இனி பீட்சா கிடையாது. குழந்தைக்கு ஒரு தடவை ரத்தம் பார்த்துவிடு. "ஓவர் சீன் போடறீங்க அத்தான்" என்றான். ஆனால் டெஸ்டுக்கு நாள் வாங்கிவிட்டதாக அவன் பெண்டாட்டி தங்கமணியிடம் சொல்லியிருக்கிறாள்.

அண்ணனிடம் இவ்வளவும் சொல்ல முடியாது, சொன்னால் கேட்கவும் மாட்டார். நான் சொன்னது ஒன்றுதான்: உடைப்பது, உருக்குவது இரண்டையும் வீட்டை விட்டுத் தள்ளுங்கள். ஆளுக்கு ஆள் தனியாக உருக்காமல், வீடுகள் இல்லாத பக்கமாக எல்லோருக்கும் சேர்த்து ஒரே கொட்டகை. பேட்டரி வேண்டாம், பழைய குண்டையே உருக்கலாம். குறைகிறதைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். அந்த லுங்கியை அங்கேயே மாற்றிவிட்டு, கை கால் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டும்.

யோசித்தார். "பேத்திக்காகச் செய்யலாம் சார்" என்றார். இதுவரை நாலு பேர் சேர்ந்திருக்கிறார்கள். கூரைத் தகரத்துக்கு யார் காசு போடுவது என்பதில்தான் பேச்சு நிற்கிறது. மழை விடுவதற்குள் முடிவாகும் என்கிறார்கள்.