மொய் நோட்டில் ஒரு விமானச் சீட்டு

எங்கள் வீட்டு மொய் நோட்டில் "திருச்சுழிக்காரர் – விமானச் சீட்டு ஒன்று" என்றொரு வரி உண்டு. ரூபாயும் பித்தளைக் குடமும் எழுதுகின்ற நோட்டில் விமானச் சீட்டு எங்ஙனம் ஏறியது என்று நண்பர்கள் நகைக்கலாம். ஏறிய கதையைச் சொல்லிவிட்டு என் கருத்தையும் சொல்லுகின்றேன்.

என் தாய்மாமன் வளைகுடா நாடொன்றில் கம்பி கட்டுகிறார். வானம் பார்த்த எங்கள் கரிசலில் கண்மாய் பெருகினால் வெள்ளாமை. இல்லையேல் சீமைக் கருவேலை வெட்டிக் கரிமூட்டம். அதை விட்டுப் போனவர் அவர். மூன்றாண்டுகளுக்கு முன் அம்மாச்சி இறந்த இரவு, அவர் கையில் சீட்டுக்குப் பணமில்லை. அதே அறையில் தங்கியிருந்த திருச்சுழிப் பக்கத்து நண்பர் கம்பெனி வேலையாக அடிக்கடி விமானமேறுபவர். அவர் தம் கணக்கிலிருந்த மைல்களைக் கொண்டு மாமனுக்குச் சீட்டெடுத்துக் கொடுத்தார். மறுநாள் மாலை மதுரையில் இறங்கி, அருப்புக்கோட்டை வந்து, தம் தாய்க்கு மாமன் கொள்ளி வைத்தார்.

அதென்ன மைல்? 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தொடங்கிய திட்டத்தைப் பார்த்துப் பிற நிறுவனங்களும் மேற்கொண்ட முறை அது. பறக்கப் பறக்கக் கணக்கில் மைல் ஏறும். போதிய அளவு சேர்ந்தால் வரியும் சில்லறைக் கட்டணங்களும் மட்டும் கட்டிச் சீட்டு வாங்கலாம். இன்று பல நிறுவனங்கள் பறந்த தொலைவைப் பார்ப்பதில்லை. கொடுத்த கட்டணத்தைப் பார்க்கின்றன. மலிவுச் சீட்டில் இரண்டாண்டுக்கு ஒருமுறை ஊர் திரும்பும் கூலிக்காரன் கணக்கில் சொட்டுச் சொட்டாகத்தான் சேரும். நண்பர் வீட்டு விசேஷத்திற்குத் திருப்பிச் செய்ய மாமன் பொத்திப் பொத்திச் சேர்த்த மைல்கள், ஒரு மாதக் கடைசியில் காலாவதி என்று மறைந்து போயின.

மைல் நம் சொத்தன்று, நிறுவனத்தின் சொத்து என்பதே பொதுவான விதி. விற்கலாகாது, பண்டமாற்றும் ஆகாது. மீறினால் சீட்டு ரத்தாகலாம், கணக்கையும் மூடலாம். மாமன் திருப்பிச் செய்ய நினைத்ததும் பண்டமாற்றுத்தானோ என்னவோ! அப்படியானால் எங்கள் சீமையில் மொய் எழுதுகின்ற அத்தனை பேரும் குற்றவாளிகளே.

நிறுவனங்களின் அச்சம் பொய்யென்று நான் சொல்லவில்லை. முகமறியாதவரோடு மைல் மாற்றப் புகுந்தால் தரகர் நுழைவார். ரயில் சீட்டில் அந்தத் தொல்லையை நாம் அறிவோம். முன்பதிவுச் சீட்டைப் பிறர் பயணத்திற்குக் கைமாற்றினால் மூன்று மாதம் வரை சிறை என்கிறது 1989 ரயில்வே சட்டத்தின் 142-ஆம் பிரிவு. ஆனால் அதே ரயில்வே ஒரு கதவைத் திறந்தும் வைத்திருக்கின்றது. உறுதியான சீட்டை, வண்டி புறப்பட 24 மணி நேரத்திற்கு முன் எழுதிக் கொடுத்து, பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள், கணவன் அல்லது மனைவி பெயருக்கு மாற்றலாம். கல்லூரி முதல்வர் 48 மணி நேரத்திற்கு முன் எழுதிக் கொடுத்தால், ஒரு மாணவரின் சீட்டை அதே கல்லூரியின் இன்னொரு மாணவருக்கு மாற்றலாம். சுற்றுலாச் செயலர்கள் குறித்துக்கொள்க! (அப்பட்டியலில் தாய்மாமன் இல்லை. எழுதியவர் வீட்டில் காதுகுத்து நடந்ததில்லை போலும்.)

விமான நிறுவனங்களிடம் நான் கேட்பதும் அத்தகைய ஒரு கதவைத்தான். சந்தை வேண்டாம். சாவு, பெருநோய் என்று சான்று காட்டுகின்றவருக்குப் பெயர் சொல்லி ஒருவர் கொடுக்கும் மைலுக்குக் கட்டணம் வாங்காதிருக்கட்டும். காலாவதியாகப் போகும் மைலை அவ்வாறு கொடுப்பதற்கு ஒரு தவணையும் தரட்டும். காலி இருக்கை காலியாகவே பறப்பதில் யாருக்கு என்ன இலாபம்?

சென்ற தை மாதம் திருச்சுழியில் அந்த நண்பர் மகளுக்குத் திருமணம். மாமன் ரொக்கமாக மொய் செய்தார். அம்மா அந்த வரியை இன்னும் அடிக்கவில்லை.