காப்பி மெஷின் வாங்கலாமா? மகன் கேட்ட கேள்வியும் வீட்டுக்காரம்மா சொன்ன பதிலும்

நெல் நடவு முடிஞ்சு ரெண்டு வாரமா எழுதவே முடியல. இன்னைக்கு விவசாயம் இல்லை, காப்பி பற்றி எழுதறேன். காப்பியில விவசாயி சொல்றதுக்கு என்ன இருக்குன்னு நினைக்காதீங்க. கொஞ்சம் இருக்கு.

போன மாசம் மகன் சென்னையிலிருந்து மின்சார ரயில்ல வந்திருந்தான். சாப்பிட்டு முடிச்சு திண்ணையில உட்கார்ந்து போன்ல ஒரு படம் காட்டினான். தண்ணி மோட்டார் ஸ்டார்ட்டர் டப்பா அளவுக்கு ஒரு மெஷின். "இன்னாப்பா இது?" என்றேன். "காப்பி மெஷின் அப்பா. கேப்சூல் போட்டு பட்டனை அமுக்கினா அரை நிமிஷத்துல எஸ்பிரெசோ வந்துடும். எங்க ஃப்ளாட்டுக்கு ஒண்ணு, இங்க அம்மாவுக்கு ஒண்ணு வாங்கலாம்னு பார்க்கிறேன்" என்றான்.

எனக்குச் சட்டென்று கோபம். பித்தளை ஃபில்டர் இருக்கிற வீட்டுக்கு இது எதுக்கு என்று சொல்லிவிட்டேன். ஆனால் எதையும் தெரிந்துகொள்ளாமல் வேண்டாம் என்பது சரியில்லை. அதனால் அவன் போன பிறகு தேடித்தேடிப் படித்தேன். நீங்களும் இப்படி ஒன்று வாங்க நினைத்துக்கொண்டிருந்தால், வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

இந்தக் கேப்சூல் யோசனை புதுசில்லை. சுவிட்சர்லாந்தில் நெஸ்லே கம்பெனியில் வேலை பார்த்த எரிக் ஃபாவ்ர் என்ற இன்ஜினியர் 1976-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். 1986-ல் நெஸ்பிரெசோ என்ற பெயரில் விற்க ஆரம்பித்தார்கள். நம்ம நாட்டுக்குக் கொண்டுவரப்போவதாக 2024-ல்தான் அறிவித்தார்கள். அலுமினியத்தில் சின்னக் கிண்ணம் மாதிரி இருக்கும். உள்ளே அரைத்த காப்பித்தூள் அஞ்சு, ஆறு கிராம். மெஷின் அதில் ஓட்டை போட்டு, சுடுதண்ணியை அழுத்தத்தோடு தள்ளும். நுரையோடு 40 மில்லி காப்பி இறங்கும். அவ்வளவுதான் விஷயம்.

இப்போ கணக்குக்கு வருவோம். எல்லோரும் மெஷின் விலையைத்தான் பார்க்கிறார்கள். மெஷின் ஒரு தடவை வாங்குவது. கேப்சூல் தினமும். ஒரு கேப்சூல் 50 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அஞ்சு கிராம் தூளுக்கு 50 ரூபாய் என்றால் ஒரு கிலோவுக்கு 200 கேப்சூல், 10,000 ரூபாய். கடையில் நல்ல ஃபில்டர் தூள் கிலோ 800 ரூபாய் என்று போட்டுக்கொண்டாலும் பன்னிரண்டு மடங்குக்கு மேல். புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேர், ஆளுக்கு ரெண்டு வேளை என்றால் ஒரு நாளைக்கு 200 ரூபாய், மாசம் 6,000. அதே நாலு டம்ளருக்கு ஃபில்டரில் 40 கிராம் தூள் போட்டால் 32 ரூபாய். மாசம் ஆயிரத்துக்குள் முடிந்துவிடும்.

எனக்கு ரூபாயை ரூபாயாகப் பார்த்தால் புரியாது, பாலாகப் பார்த்தால்தான் புரியும். 2022 நவம்பரில் ஆவின் பசும்பால் கொள்முதல் விலையை லிட்டருக்கு 32-லிருந்து 35 ஆக்கினார்கள். 2023 டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தார்கள். ஆக அப்போது 38 ரூபாய். அந்தக் கணக்கில் ஒரு கேப்சூல் விலைக்கு நான் ஒன்றேகால் லிட்டருக்கு மேல் பால் ஊற்றணும். புண்ணாக்கு, தவிடு, வைக்கோல் எல்லாம் அதற்குள். இதைச் சொன்னால் மகன் சிரிக்கிறான். ஆனால் அந்தக் காப்பியில் ஊற்றப்போவது அந்தப் பால்தானே!

விலையைவிட என்னைப் பயமுறுத்தியது வேறு. இந்த மெஷினில் எல்லாக் கேப்சூலும் போகாது. ஒரு கம்பெனி அளவு இன்னொன்றுக்குச் சேராது. ஒரு வகையில் கேப்சூல் விளிம்பில் பார்கோடு இருக்கும், மெஷின் அதைப் படித்துப் பார்த்துத்தான் வேலை செய்யும். நான் கரும்பு போட்டவன். கரும்பு போடறவனுக்கு ஏரியா ஒதுக்கீடு என்றால் என்னவென்று தெரியும். இந்த ஊர்க் கரும்பு இந்த ஆலைக்குத்தான் என்று எழுதிவிட்டால், வெட்டு உத்தரவு வரும்வரை கரும்பு வயலிலேயே காயும், எடை போகும். ஒரு வருஷம் அப்படிக் காய்ந்தது, அந்தக் கடனை அடைக்க மூணு வருஷம் ஆச்சு. ஒட்டு விதையும் அப்படித்தான். தக்காளிக்கு நானும் அதைத்தான் வாங்கறேன், விளைச்சல் நல்லா வருது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதிலிருந்து விதை எடுத்து அடுத்த போகம் போட்டால் அதே மாதிரி வராது, மறுபடி கடைக்குத்தான் போகணும். ஒரே வாசல் உள்ள வீட்டுக்குள் போகும்முன் வெளியே வர வழி இருக்கா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்தது ருசி. நம்ம காப்பி வேறு ஜாதி. அதில் சிக்கரி இருக்கு. காப்பி-சிக்கரி கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. பல வீடுகளில் 80-க்கு 20 கலப்பார்கள். அந்தச் சிக்கரிதான் டிகாக்‌ஷனுக்குக் கெட்டியும் நிறமும் தருது. எஸ்பிரெசோ கேப்சூலில் பொதுவாகச் சிக்கரி கிடையாது. அஞ்சு கிராம் தூளில் இறங்கிய 40 மில்லியை நம்ம டம்ளர் பாலில் ஊற்றினால் பாலில் காப்பி காணாமல் போய்விடும். அப்புறம் ரெண்டு கேப்சூல் போடுவீர்கள். மேலே போட்ட கணக்கையும் ரெண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

குப்பையையும் பாருங்கள். எங்க வீட்டு ஃபில்டர் மண்டி நேராகக் கருவேப்பிலைச் செடிக்குப் போகுது. அலுமினியக் கேப்சூலை உருக்கி மறுபடி பயன்படுத்தலாம், உண்மைதான். ஆனால் காலியானதைச் சேர்த்து வைக்கணும், அதைத் திரும்ப வாங்குகிறவர் இருக்கணும். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகர நிர்வாகம் 2016-லேயே அரசாங்கக் காசில் இந்தக் கேப்சூல்களை வாங்கக்கூடாது என்று முடிவெடுத்தது. அமெரிக்காவில் கே-கப் என்று ஒன்று ஓடுது. அதைக் கண்டுபிடித்த ஜான் சில்வனே 2015-ல், ஏன் செய்தேன் என்று சில சமயம் வருத்தமாக இருக்கு என்ற மாதிரி பேட்டி கொடுத்தார்.

இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, ஒரு ராத்திரி வீட்டுக்காரம்மாவிடம் வரிசையாகப் படித்துக் காட்டினேன். நம்ம ஃபில்டர் காப்பி பாரம்பரியம் என்றெல்லாம் கடைசியில் சேர்த்துக்கொண்டேன். பொறுமையாகக் கேட்டாங்க. அப்புறம் கேட்டாங்க: "ஏங்க, எல்லாம் சரி. காலையில அந்தக் காப்பியை யாரு போடறது?"

என்னிடம் பதில் இல்லை.

அவங்க நகரி பக்கத்துப் பெண். 1994-ல் கல்யாணம். அந்தப் பித்தளை ஃபில்டர் அவங்க அம்மா வீட்டுச் சீர். முப்பது வருஷமாக நாலரை மணிக்கு எழுந்து, மாட்டுக்குத் தீனி போட்டு, பால் கறந்து, டிகாக்‌ஷன் இறக்கி, நான் வயலுக்குக் கிளம்பும்போது டம்ளரை நீட்டுவாங்க. ரெண்டு வருஷமாக அவங்க விரல் கணுவெல்லாம் வீங்கியிருக்கு. சுடுதண்ணி ஊற்றினதும் ஃபில்டரின் மேல் பாகம் கீழ்ப் பாகத்தோடு இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். துணி சுற்றித் திருகணும். வீங்கின விரலால் அதைத் திருகுவது எப்படி இருக்கும் என்று நான் ஒரு நாள்கூட யோசித்ததில்லை. மகன் யோசித்திருக்கிறான். அம்மாவுக்கு ஒண்ணு என்று அவன் சொன்னது அதற்காகத்தான். நான்தான் பாரம்பரியம் பேசிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் சொல்லணும். பாரம்பரியம் என்றால் எவ்வளவு நாள்? என் தாத்தா காலையில் கேழ்வரகுக் கூழ் குடித்துவிட்டு ஏர் பூட்டினவர். எங்க வீட்டில் காப்பி வந்ததும், சீமைச் சரக்கு, உடம்பைக் கெடுக்கும் என்று திட்டினார். நான் கேப்சூலைத் திட்டின மாதிரியே. ஆ. இரா. வேங்கடாசலபதி எழுதின ஒரு புத்தகத்துக்கே 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்று பெயர். புதுசு என்பதற்காக ஒன்றைத் தள்ளினால், முதலில் என் டம்ளரைத்தான் தள்ளணும்.

ஆகவே என் கருத்து இதுதான். மெஷின் கெட்டதா நல்லதா என்று கேட்பதே தப்பு. உங்க வீட்டில் யார் குடிக்கிறார்கள், யார் போடுகிறார்கள், போடுகிறவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். காப்பி போடுகிறவருக்குத்தான் வேண்டும், வேண்டாம் என்று சொல்ல உரிமை. குடிக்கிறவர் கணக்குப் போட்டுக் கொடுக்கலாம், அதோடு சரி.

மகனுக்கு நான் சொன்னது: உங்க வீட்டில் மருமகள் பால் இல்லாமல் கடுங்காப்பி ஒரு வேளை குடிக்குது. ரெண்டு பேரும் ஏழு மணிக்கே ஓடறீங்க. அவசியம் என்றால் வாங்குங்க. ஆனால் பல கம்பெனிக் கேப்சூல் சேருகிற வகையாக வாங்குங்க. அந்தப் பழைய சின்ன அளவுக்குக் காப்புரிமை 2012 வாக்கில் முடிந்துவிட்டதால் இப்போது பலபேர் செய்கிறார்கள். நாமே தூள் நிரப்புகிற எவர்சில்வர் கேப்சூலும் கிடைக்குது, அதில் ரெண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்க. கம்பெனி நாளைக்குக் கடையை மூடினாலும் மெஷின் சும்மா கிடக்காது. இங்கே எங்களுக்கு வேண்டாம். ஆயிரத்து இருநூறு வாட்டுக்கு மேல் இழுக்கிற சாமான், எங்க ஊர் வோல்டேஜுக்குச் சரிப்படாது. எங்க போர் தண்ணியில் கெட்டிலிலேயே ஒரு மாசத்தில் உப்பு படியுது, மெஷின் குழாய் என்ன ஆகும்?

அப்போ அம்மாவின் விரல்? அதற்கு வழி நான் பழகறேன். தூளை லேசாகத்தான் அமுக்கணும், இறுக்கினால் சொட்டாது. முதல் நாள் இறுக்கிவிட்டேன், முக்கால் மணி நேரம் நின்றும் அடியில் ரெண்டு ஸ்பூன்தான். ரெண்டாம் நாள் அமுக்கவே இல்லை, செம்மண் தண்ணி மாதிரி இறங்கியது. இப்போது ராத்திரி படுக்கும்முன் போட்டுவிடுகிறேன், காலையில் ரெடியாக இருக்கு. திருகுகிற வேலை என்னுடையது.

இன்றோடு இருபத்து மூணாவது நாள். நேற்று பக்கத்து வீட்டு அம்மா வந்தபோது வீட்டுக்காரம்மா, "காப்பி தாகண்டி, ஈரோஜு ஆயனே பெட்டாரு" என்று சிரித்தாங்க. இன்னைக்கு அவரே போட்டார் என்று அர்த்தம். எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான். என்னிடம் அவங்க சொன்னது வேற: "மூணு மாசம் பார்க்கிறேன். நடுவுல நிறுத்தினீங்கன்னா புள்ளைக்கு போன் போட்டு மெஷினை வரவழைச்சிடுவேன்."

நியாயமான ஒப்பந்தம். கையெழுத்துப் போட்டாச்சு. உங்க வீட்டில் காப்பி யார் போடறாங்கன்னு எழுதுங்க. அடுத்த பதிவில் நடவு பற்றிப் பேசுவோம்.