கப்பல் சீட்டு மட்டும் போதுமா?

"டிக்கெட்டை நான் எடுத்துவிட்டேன். நீங்கள் வந்தால் மட்டும் போதும்."

வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இப்போது தொலைபேசியில் இப்படிச் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். கேட்கும் பெற்றோருக்குப் பூரிப்பு தாங்கவில்லை. மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர்களிடம் எல்லாம் சொல்லி மகிழ்கிறார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஒரு பேச்சை நம்பி ஒரு குடும்பமே கிளம்பினால் என்ன ஆகும் என்பதை எங்கள் வீட்டில் நடந்ததைக் கொண்டே சொல்கிறேன்.

என் அண்ணன் மகன் அமெரிக்காவில் சியாட்டில் நகரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். அண்ணனுக்கு 70 வயது நிறைவதை ஒட்டி, எல்லோரும் சேர்ந்து அலாஸ்காவுக்கு 7 நாள் கப்பலில் போவோம் என்றான். அண்ணனும் அண்ணியும் முலுண்டில் இருக்கிறார்கள். நானும் என் மனைவியும் சயானில். தங்கையும் மாப்பிள்ளையும் டோம்பிவிலியில். அவன் வீட்டில் மூன்று பேர். ஆக 9 பேர்.

கப்பல் கட்டணம் முழுவதும் அவன் பொறுப்பு. விமானக் கட்டணம் அவரவர் பொறுப்பு என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பேசாமலே அப்படி ஆகிவிட்டது.

மாப்பிள்ளை அம்பர்நாத்தில் ஒரு சிறு பட்டறையில் கணக்கு எழுதுகிறவர். பொங்கலன்று அவர்கள் வந்தபோது தங்கையின் கையில் வளையல் இல்லை. என் மனைவிதான் கவனித்தாள். சமையலறையில் வைத்துக் கேட்டதும் தங்கை அழுதுவிட்டாள். நான்கு வளையலும் அடகுக் கடையில் இருந்தன. "எல்லோரும் போகும்போது நாங்கள் மட்டும் எப்படி வரமாட்டோம் என்பது?" என்று மாப்பிள்ளை தலையைக் குனிந்தபடி கேட்டார்.

அன்றைக்குத்தான் நான் கணக்குப் போட உட்கார்ந்தேன். அரசு அலுவலகத்தில் 34 ஆண்டுகள் பேரேடு எழுதியவன், இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. எனக்கும் பூரிப்புதான்.

முதலில் விசா. அமெரிக்கச் சுற்றுலா விசாவுக்கு ஒருவருக்கு 185 டாலர் கட்டணம். இங்கிருந்து போகிற 6 பேருக்கு 1,110 டாலர். டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்தால் ஏறத்தாழ ஒரு லட்சம். விசா மறுக்கப்பட்டாலும் இந்தப் பணம் திரும்பாது.

அதோடு விட்டதா? கனடா விசாவும் வேண்டும். அலாஸ்காவும் அமெரிக்கா, சியாட்டிலும் அமெரிக்கா, நடுவில் கனடா எதற்கு என்று நானும் கேட்டேன். 1886-ல் அமெரிக்கா போட்ட ஒரு சட்டம், வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல்கள் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய பயணியை இன்னொரு அமெரிக்கத் துறைமுகத்துக்குக் கொண்டுபோய் விடுவதைத் தடுக்கிறது. பெரிய உல்லாசக் கப்பல்களில் பெரும்பாலானவை பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளில் பதிவானவை. ஆகவே சியாட்டிலில் கிளம்பும் கப்பல் விக்டோரியா போன்ற ஒரு கனடாத் துறைமுகத்தைத் தொட்டே திரும்ப வேண்டும். கொரோனா காலத்தில் கனடா தன் துறைமுகங்களை மூடியபோது அலாஸ்காக் கப்பல்கள் நின்றே போயின. 2021-ல் அமெரிக்கா தற்காலிகமாக ஒரு விலக்குச் சட்டம் போட்ட பிறகுதான் மறுபடி ஓடின. 140 ஆண்டுச் சட்டம் டோம்பிவிலிக்காரரின் பையில் வந்து கை வைக்கிறது!

பிறகு கப்பல் ஊழியர்களுக்கான இனாம். இது விருப்பம்போல் கொடுக்கிற இனாம் அல்ல. ஆள் ஒன்றுக்கு, நாள் ஒன்றுக்கு என்று கணக்கிலேயே ஏற்றிவிடுகிறார்கள். 17 டாலர் என்று வைத்தால் 9 பேருக்கு 7 நாளைக்கு 1,071 டாலர். கரையில் இறங்கிச் சுற்றிப் பார்க்கத் தனிப் பணம். ஹெலிகாப்டரில் பனியாற்றின் மேல் இறங்குவதென்றால் ஓர் ஆளுக்கே சில நூறு டாலர். கப்பலில் மருத்துவர் உண்டு, ஆனால் அவரைப் பார்க்கப் பணம் கட்ட வேண்டும். நம் ஊர் மருத்துவக் காப்பீட்டு அட்டையை அங்கே நீட்டிப் பயனில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அந்த நோய்களையும் சேர்த்த பயணக் காப்பீடு எடுத்துத்தான் ஏற வேண்டும். ஆபத்து என்றால் கப்பலிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லும் செலவும் அதில் அடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அலுவலக நண்பர் ஒருவர், எல்.டி.சி. போட முடியுமா என்று கேட்டார். முடியாது. அது இந்தியாவுக்குள் போகிற பயணத்துக்கு மட்டும்தான்.

இதையெல்லாம் படித்துவிட்டு, "நமக்கு எதற்கய்யா அலாஸ்கா? மாத்தேரானுக்குப் போய்வந்தால் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களோடு நான் ஒத்துப்போகவில்லை. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுத்து, ஆண்டு விடுமுறைக்குத் தாதர் ரயிலில் கழிவறை ஓரம் உட்கார்ந்து ஊர் போய்ச் சேர்ந்த தலைமுறை இது. பாவுச்சா தக்காவில் நின்று கோவா ஸ்டீமர் போவதை வேடிக்கை பார்த்ததோடு சரி. அவர்கள் பனிமலையைப் பார்க்கக் கூடாது என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

பார்க்க வேண்டிய இடமும்தான். ஜூனோ, அலாஸ்காவின் தலைநகரம், ஆனால் வெளியூரிலிருந்து சாலை கிடையாது. கப்பலில் போக வேண்டும், அல்லது விமானத்தில். ஸ்காக்வே ஊரில் தங்கம் தேடி ஓடியவர்கள் காலத்தில் தொடங்கி 1900-ல் முடித்த மூன்றடி அகல ரயில் பாதை இன்றும் மலையேறுகிறது. நம் மாத்தேரான் ரயில் இரண்டடிப் பாதை, 1907-ல் வந்தது. இரண்டிலும் போய்வந்தேன் என்று பேரனிடம் சொல்ல அண்ணனுக்கு ஆசை. கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு உல்லாசக் கப்பல்களுக்கு மேல் விடுவதில்லை. அங்கே யாரும் இறங்குவதில்லை, பூங்கா அலுவலர்கள் கப்பலில் ஏறிவந்து விளக்கம் சொல்கிறார்கள். எல்லாக் கப்பலும் அங்கே போகாது என்பதைச் சீட்டு எடுப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

குளிரைப் பற்றி நம்மவர்களுக்குத் தேவைக்கு மேல் பயம். கோடையில் ஜூனோவில் பகலில் 13 முதல் 18 டிகிரி வரை இருக்கும். ஆயிரக்கணக்கில் கொடுத்துத் தடித்த கோட்டு வாங்க வேண்டியதில்லை. குளிர்காலத்தில் இங்கே நடைபாதையில் திபெத்தியர்கள் விற்கும் ஸ்வெட்டர், உள்ளே ஒரு பனியன், மேலே நல்ல மழைக்கோட்டு. மழைக்கோட்டைத்தான் மறக்கக் கூடாது. கெச்சிக்கன் என்ற ஊரில் ஆண்டுக்குச் சுமார் 150 அங்குலம் மழை. மும்பை மழையில் நனைந்தவர்களையே மலைக்க வைக்கும் மழை அது.

மே மாதத்திலும் ஜூன் தொடக்கத்திலும் மழை சற்றுக் குறைவு, கட்டணமும் மே மாதத்தில் குறைவு. இங்கே பள்ளிகளும் ஜூன் நடுவில்தான் திறக்கின்றன. வயதானவர்களுக்கு வான்கூவரிலிருந்து கிளம்பும் கப்பல் நல்லது. தீவுகளுக்கு உள்ளே உள்ளே போவதால் ஆட்டம் குறைவு. சியாட்டில் கப்பல்கள் பெரும்பாலும் திறந்த கடலில் போகின்றன. சைவச் சாப்பாடு வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதித் தெரிவிக்க வேண்டும். மின் அடுப்பைப் பெட்டிக்குள் ஒளித்துக்கொண்டு போகலாம் என்று என் மனைவி நினைத்தாள். சோதனையில் எடுத்துவிடுவார்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. நம் வீடுகளில் கல்யாணச் செலவுக்குக் கணக்கு எழுதுகிறோம். மொய் நோட்டை இருபது ஆண்டு பத்திரமாக வைத்திருக்கிறோம். ஆனால் ஊர் சுற்றப் போகிறோம் என்றால் பணத்தைப் பற்றிப் பேசுவது கௌரவக் குறைவு. கொடுக்கிறவன் கொடுத்த பெருமையில் இருக்கிறான். இல்லாதவர் இல்லை என்று சொல்லக் கூசுகிறார். நடுவில் இருக்கிற என்னைப் போன்றவர்கள் கேட்காமல் இருப்பதே மரியாதை என்று நினைக்கிறோம். அந்த மரியாதைக்கு என் தங்கை நான்கு வளையலை விலையாகக் கொடுத்தாள்.

கூட்டமாகப் போகும் குடும்பம், கப்பலின் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு தாளை எடுக்க வேண்டும். வீட்டு வாசலில் பூட்டுப் போட்டதிலிருந்து திரும்பி வந்து திறக்கும் வரை என்னென்ன செலவு, அதை யார் தருவது என்று எழுத வேண்டும். அதுவும் குறைந்த வருமானக்காரர் உட்கார்ந்திருக்கும்போது அல்ல. வசதி உள்ளவர்கள் தங்களுக்குள் முதலில் பேசி முடித்துவிட்டு, பிறகு அவரிடம் போய், உங்களுக்கு இவ்வளவுதான் பொறுப்பு, சம்மதமா என்று கேட்க வேண்டும்.

நாங்கள் தாமதமாகத்தான் செய்தோம். முலுண்டில் அண்ணன் வீட்டில் உட்கார்ந்து எழுதி, தொலைபேசியில் பையனுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "எனக்குத் தெரியாது சித்தப்பா, அத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லையே" என்றான். கடலைப் பார்த்த பால்கனி அறைகளை விட்டுவிட்டு, ஜன்னல் இல்லாத உள்ளறைகளாக மாற்றிக்கொண்டான். அதில் மிஞ்சிய பணத்தில் அத்தைக்கும் மாமாவுக்கும் விமானச் சீட்டு. தூங்குவதற்கு எதற்கு ஜன்னல், பார்ப்பதற்கு மேல்தளம் இருக்கிறதே என்று அண்ணனும் ஒப்புக்கொண்டார். வளையல் திரும்பி வந்தது. வட்டியை நானும் அண்ணனும் பங்கிட்டுக்கொண்டோம். மாப்பிள்ளை அதை வாங்கிக்கொள்ள இரண்டு நாள் மறுத்தார்.

அடுத்த மாதம் பாந்திரா குர்லா வளாகத்தில் எங்கள் ஆறு பேருக்கும் விசா நேர்முகம். அது முடியும் வரை முன்பணத்துக்கு மேல் ஒரு டாலரும் கட்டாதே என்று பையனிடம் சொல்லியிருக்கிறேன். மீதிப் பணத்துக்கு, கப்பல் கிளம்புவதற்குச் சுமார் மூன்று மாதத்துக்கு முன் கெடு வைக்கிறார்கள். அந்தத் தேதியை நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.

ஒருவருக்கு விசா மறுத்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் அன்றைக்கே பேசி முடித்தோம். தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும்தான் அந்தப் பயம் அதிகம். யாரையும் விட்டுவிட்டுப் போவதில்லை, 9 பேரும் சிம்லாவுக்குப் போவோம் என்று அண்ணன் சொல்லிவிட்டார்.

ஜூன் மாதத்தில் சிம்லாவில் பனி ஏது என்று அண்ணி கேட்கிறாள். ரோதங் கணவாய் வரை ஏறினால் கிடைக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறோம்.