பெரிய கூலர் மட்டும் போதுமா?

பிராசசர் சூடாகிறது என்றால் உடனே இன்னும் பெரிய கூலர் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். இருக்கிற கூலர் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பதில்லை. வீண் செலவு.

காற்று கேபினட்டின் முன்னால் நுழைந்து பின்னால் போகவேண்டும். டவர் கூலரின் ஃபேனும் பின்பக்கம் பார்த்தே ஊதவேண்டும். ஏஎம்4 போர்டோடு வரும் கொக்கியில் மாட்டுகிற சில கூலர்கள் மேல்நோக்கித்தான் ஊதும். கீழே கிராபிக்ஸ் கார்டு கக்கும் சூட்டை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். (திட்டு வாங்குவதென்னவோ பேஸ்ட்தான்!) கேபினட்டின் மேலே வெளியே ஊதும்படி ஒரு ஃபேன் வைத்தால் ஓரளவு தப்பலாம்.

உட்காரும் இடமும் முக்கியம். 2019-இல் வந்த ரைசன் 3000 முதல் பல மாடல்களில் அதிகம் சூடாகும் சில்லு நடுவில் இல்லை, ஓரமாக இருக்கிறது. அதனால் ஏஎம்5-இல் கூலரை 7 மி.மீ. தள்ளி மாட்ட நாக்டுவா தனிப் பட்டைகள் தருகிறது. 1 முதல் 3 டிகிரி குறையுமாம். சின்ன எண்தான்... ஆனால் இதே 3 டிகிரிக்காக ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள் உண்டே!

ஏஎம்4-இல் கூலரைக் கழற்றும்போது மட்டும் கவனம். நேராக இழுத்தால் பிராசசரும் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரை ஓடவிட்டு, அணைத்துவிட்டு, பேஸ்ட் இளகியிருக்கும்போதே மெல்லத் திருகி எடுக்கவேண்டும்.