உராய்வுங்கிற வார்த்தையை ரெண்டு நாள் தள்ளி வைங்க

கோடை லீவுக்கு மகன் குடும்பத்தோட ஊருக்கு வந்திருந்தான். பேத்திக்கு எட்டு வயசு. சென்னையில மூணாவது முடிச்சிருக்கா. வந்த அன்னைக்கே நுங்கு வெட்டினோம். தின்னு முடிச்ச காய்ல ரெண்டை எடுத்து, நடுவுல குச்சி செருகி, தள்ளுறதுக்குக் கவட்டைக் குச்சி வச்சு நானே ஒரு வண்டி பண்ணிக் கொடுத்தேன். சக்கரம் ரெண்டும் ஒரே அளவு, அச்சு நேரா, அருமையான வண்டி. பத்து நிமிஷம் ஓட்டினா. அப்புறம் செல்போனை எடுத்துட்டு உக்காந்துட்டா.

மறுநாள் எனக்கு வேலை இருந்துச்சு. "நீயே பண்ணிக்கோ கண்ணு"ன்னு நாலஞ்சு காயையும் குச்சியையும் போட்டுட்டு மாட்டைப் பார்க்கப் போயிட்டேன். அவ பண்ணின வண்டியில ஒரு காய் பெருசு, ஒண்ணு சிறுசு. நேரா தள்ளினாலும் ஒரே பக்கமா வளைஞ்சு போச்சு. நான் வந்து பார்த்தப்ப அழுற மாதிரி நின்னா. சரிபண்ணலாம்னு கையை நீட்டினேன். "வேண்டாம் தாத்தா"ன்னுட்டா. காயை இடம் மாத்திப் போட்டா. இப்ப அந்தப் பக்கம் வளைஞ்சுது. கொஞ்ச நேரத்துல ஓடி வந்து, "சின்னது எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் திரும்புது"ன்னா. அன்னைக்குக் காலையில செல்போன் எங்க கிடந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது.

சாயங்காலம் அடுத்த சோதனை. வண்டியை ஒரு தள்ளு தள்ளிட்டு விட்டுடுவா. சிமெண்ட் களத்துல தூரமா ஓடுது. வாசல் மணல்ல உடனே நின்னுடுது. காலடி வச்சு அளந்து பார்த்துட்டு, "மணல் ஏன் புடிச்சுக்குது?"ன்னு கேட்டா. திண்ணையில இருந்த மகன், "அது பேரு ஃப்ரிக்‌ஷன் பாப்பா"ன்னான். "ஓ, ஃப்ரிக்‌ஷனா"ன்னா. வண்டியைச் சுவத்துல சாத்திட்டு உள்ள போயிட்டா.

அவ்வளவுதான், விளையாட்டு முடிஞ்சு போச்சு. பதில் கிடைச்சதும் கேள்வி செத்துப் போச்சு.

மகனைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வரல. அவன் சின்ன வயசுல வயல்ல இறங்கினா, புத்தகத்தை வச்சுட்டு இங்க என்னடா வேலைன்னு விரட்டினவன் நான்தான். இந்த மண்ணுல அவனும் மாட்டிக்கக் கூடாதுங்கிற பயம். அவன் நல்லாவே படிச்சான், வேலைக்கும் போயிட்டான். ஆனா ஒரு பாறாங்கல்லை நகர்த்தச் சொன்னா கடப்பாரையை எங்க வைக்கணும்னு இன்னைக்கும் தெரியாது.

என் கதையும் அதேதான். நான் பத்தாவது வரைக்கும் படிச்சவன். நெம்புகோலுக்குப் படம் வரைஞ்சு மார்க் வாங்கினேன். வீட்டுக்கு வந்து அப்பாகூட கடப்பாரையால கல்லு நெம்பினேன். அடியில சின்னக் கல்லை அண்டக் கொடு, கடப்பாரையோட நுனியைப் புடின்னு அப்பா சொல்வார். ஏன்னு கேட்டா, "அது அப்படித்தான்டா". பள்ளிக்கூடத்துல வரைஞ்சதும் அப்பா சொன்னதும் ஒண்ணுதான்னு எனக்கு உறைச்சப்போ முப்பது வயசு தாண்டிடுச்சு. அப்பாவுக்குக் கைக்குத் தெரிஞ்சது வாய்க்கு வரல. என் மகனுக்கு வாய்க்கு வர்றது கைக்குத் தெரியல.

எங்க ஊர்ல ரிட்டயர் ஆன வாத்தியார் ஒருத்தர் இருக்கார். அவர்கிட்ட இதைச் சொன்னேன். மத்தியப் பிரதேசத்துல ஹோஷங்காபாத் மாவட்டத்துல 1972லேயே, கிராமத்து நடுநிலைப் பள்ளிப் பிள்ளைங்க தாங்களே சோதனை செஞ்சு அறிவியல் படிக்கிற திட்டம் ஆரம்பிச்சாங்களாம். 2002ல அரசாங்கம் அதை நிறுத்திடுச்சு. அங்க போய் வேலை செஞ்சவர்தான் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐஐடியில படிச்ச இன்ஜினியர். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூப்பையும் வச்சே பாடம் சொல்லித் தந்தவர். நம்ம ஆறாம் வகுப்புப் புத்தகத்துலயும் விசையும் இயக்கமும்னு பாடம் இருக்கு. ஆனா பிள்ளை அந்தப் பக்கத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே, அஞ்சாறு வயசுலேயே, தள்ளி, இழுத்து, உருட்டிப் பார்த்திருக்கணும். அப்பதான் புத்தகத்துல இருக்கிற வார்த்தை போய் உக்கார ஒரு இடம் இருக்கும்.

டவுன்ல நுங்குக் காய்க்கு எங்க போறதுன்னு கேப்பீங்க. நுங்கு முக்கியமில்லைங்க. பரீட்சை அட்டையை ரெண்டு புத்தகத்து மேல சாய்ச்சு வைங்க. மேலேர்ந்து பந்தை உருள விடுங்க. தள்ள வேண்டாம், விட்டாப் போதும். முதல்ல டைல்ஸ் தரை, அப்புறம் போர்வை, அப்புறம் கால்மிதி. ஒவ்வொரு தடவையும் பந்து எங்க நிக்கும்னு பிள்ளையை முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்க. சாண் போட்டு அளக்கட்டும். இன்னொரு புத்தகம் வச்சு உயரத்தைக் கூட்டட்டும். தப்பாச் சொன்னா சிரிக்காதீங்க. கடையில விக்கிற பெட்டியை வாங்கித் தந்து, படத்துல இருக்கிற மாதிரியே மாட்டுன்னும் சொல்லாதீங்க. நான் பண்ணிக் கொடுத்த முதல் வண்டி மாதிரிதான் ஆகும்.

வார்த்தையே வேண்டாம்னு நான் சொல்லல. ஊருக்குக் கிளம்புறதுக்கு முந்தின நாள் வயலுக்குக் கூட்டிட்டுப் போனேன். தண்ணி பாய்ச்சின ஈர வரப்புல வழுக்கி உக்காந்துட்டா. கட்டை விரலை ஊன்றி நடன்னு சொல்லிக் கொடுத்தேன். நாலு அடி நடந்துட்டுத் திரும்பி, "மணல்ல வண்டியை நிறுத்துச்சே அந்த ஃப்ரிக்‌ஷன், அது இங்க இல்லையா தாத்தா? இருந்தா விழுந்திருக்க மாட்டேன்ல?"ன்னு கேட்டா. அதுவரைக்கும் அது வண்டியை நிறுத்துற எதிரி. விழுந்தப்புறம்தான் நம்மளை நிக்க வைக்கிறதும் அதுதான்னு தோணியிருக்கு. அப்பா சொல்லிக் கொடுத்த வார்த்தை அன்னைக்குத்தான் அவளுக்குச் சொந்தமாச்சு.

அதனால பிள்ளை "ஏன்"னு கேட்டா, பதில் தெரிஞ்சாலும் உடனே சொல்லாதீங்க. "நீ என்ன நினைக்கிற?"ன்னு கேளுங்க. "இன்னொரு தடவை பண்ணிப் பாரு"ன்னு சொல்லுங்க. ரெண்டு நாள் கழிச்சு வார்த்தையைச் சொன்னா ஒண்ணும் கெட்டுப் போயிடாது. வாயை மூடிட்டு உக்காந்திருக்கிறது கஷ்டம்தான். வளைஞ்சு போற வண்டியைப் பார்த்துட்டு என் கையும் சும்மா இருக்கல.