எந்த வரிசையில் நிற்கச் சொல்கிறோம்?

2025 பிப்ரவரி 5-ம் தேதி அமெரிக்க ராணுவ விமானம் ஒன்று அமிர்தசரஸில் வந்து இறங்கியது ஞாபகம் இருக்கா? உரிய அனுமதி இல்லாமல் அமெரிக்காவில் இருந்ததாகத் திருப்பி அனுப்பப்பட்ட 104 இந்தியர்கள் அதில் வந்தார்கள். வழியெல்லாம் கையிலும் காலிலும் விலங்கு. இந்த மாதிரி செய்தி வந்தாலே நம்மிடையே ரெண்டு கட்சி உருவாகிவிடும். "பாவம்டா, பொழைக்கத்தானே போனாங்க" என்பது ஒன்று. "நாம ஜி.ஆர்.இ. எழுதி, லோன் போட்டு, விசாவுக்கு வரிசையில நிக்கிறோம். இவங்க மட்டும் குறுக்கால போகலாமா?" என்பது இன்னொன்று.

ரெண்டாவது கேள்வி நியாயமானது. எச்-1பி விசாவுக்கு வருடாந்தர வரம்பு 65,000. அமெரிக்காவில் முதுகலை முடித்தவர்களுக்கு இன்னொரு 20,000. அதுவும் குலுக்கலில்தான் கிடைக்கும். கிரீன் கார்டிலும் எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்பதால் இந்திய என்ஜினியர்கள் வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். கோபம் வரத்தான் செய்யும்.

ஆனால் அது நமக்கான வரிசை. பெரிய படிப்பு இல்லாத ஒரு மெக்சிகோ விவசாயக் கூலிக்கு எந்த வரிசை? அதிகத் திறன் தேவைப்படாத வேலைகளுக்கான கிரீன் கார்டு, உலகம் முழுவதற்கும் சேர்த்தே வருஷத்துக்கு 10,000-க்கு மேல் இல்லை. பண்ணை வேலைக்குத் தற்காலிக விசா ஒன்று உண்டு. சீசன் முடிந்தால் ஊர் திரும்ப வேண்டும். வருஷம் முழுக்க ஆள் தேவைப்படும் பால் பண்ணைகளுக்கு அது பொதுவாக உதவாது. வேலை இருக்கிறது, ஆள் இருக்கிறார், கதவுதான் இல்லை.

இந்தக் கதவு ஒரு காலத்தில் இருந்தது. 1942 முதல் 1964 வரை "பிரசேரோ" என்ற திட்டத்தில் மெக்சிகோ தொழிலாளர்களை அமெரிக்காவே கூப்பிட்டது. மொத்தம் சுமார் 46 லட்சம் ஒப்பந்தங்கள். சுரண்டல் அதிகம் என்ற புகார்களுக்கு நடுவே திட்டம் நிறுத்தப்பட்டது. அடுத்த வருஷமே வந்த புதிய சட்டம், மெக்சிகோ உள்ளிட்ட அமெரிக்கக் கண்டத்து நாடுகளுக்கும் முதல்முறையாக எண்ணிக்கை வரம்பு போட்டது. தோட்டங்கள் அப்படியே இருந்தன, வேலையும் அப்படியே இருந்தது. அதே ஆட்கள் அதே வேலைக்கு வந்தார்கள். பெயர் மட்டும் "சட்டவிரோதக் குடியேறி" என்று மாறியது.

1990-களில் எல்லைக் காவல் இறுகியதும் இன்னொன்று நடந்தது. சீசனுக்கு வந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர்கள், திரும்பிப் போனால் மறுபடி வர முடியாதே என்று அங்கேயே தங்க ஆரம்பித்தார்கள்.

"அப்போ எல்லையையே திறந்துவிடலாமே?" என்று கேட்பவர்களும் உண்டு. பிரையன் கேப்லன் என்ற பொருளாதாரப் பேராசிரியர் இதற்காக 2019-ல் ஒரு காமிக்ஸ் புத்தகமே போட்டார். ஏழை நாட்டுத் தொழிலாளி பணக்கார நாட்டுக்கு மாறினாலே அவர் உழைப்பின் மதிப்பு பல மடங்காகும், அதனால் உலகமே பணக்காரமாகும் என்பது அவர் வாதம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அங்கே ஏற்கெனவே இருக்கும் கூலித் தொழிலாளியின் சம்பளம் என்னாகும்?

இதற்கு ஒரு பரிசோதனை மாதிரியே ஒன்று நடந்தது. 1980-ல் சில மாதங்களுக்குள் சுமார் 1,25,000 கியூபர்கள் படகில் அமெரிக்காவுக்கு வந்தார்கள். அதில் பாதிப் பேர் மயாமியில் தங்கினார்கள். டேவிட் கார்டு ஆராய்ந்து, அந்த ஊர் சம்பளத்தில் பெரிய பாதிப்பு இல்லை என்றார். பின்னாளில் ஜார்ஜ் போர்ஹாஸ் அதே சம்பவத்தை எடுத்து, பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களை மட்டும் பார்த்தால் சம்பளம் நன்றாகவே விழுந்தது என்றார். அவர் எடுத்த சாம்பிள் ரொம்பச் சின்னது என்று மற்றவர்கள் மறுத்தார்கள். சண்டை இன்னும் முடியவில்லை. போர்ஹாஸே கியூபாவிலிருந்து வந்தவர்தான். பண்ணைத் தொழிலாளர்களுக்காகவே வாழ்ந்த தலைவர் சேசர் சாவேஸும், வேலைநிறுத்தத்தை உடைக்க ஆவணமில்லாதவர்களை முதலாளிகள் இறக்கியபோது கடுமையாக எதிர்த்தார். எதிர்ப்பவர்கள் எல்லோரும் இனவெறியர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது.

என் கருத்து இதுதான். எல்லையை முழுசாகத் திறப்பதை நான் ஆதரிக்கவில்லை. அதன் சுமை முதலில் விழுவது அங்குள்ள ஏழையின் மேல்தான் என்ற பயத்துக்கு இன்னும் முழுப் பதில் இல்லை. ஆனால் சுவர் மட்டும் போதும் என்பதும் ஏமாற்று. 1986-ல் சுமார் 27 லட்சம் பேருக்குச் சட்ட அந்தஸ்து கொடுத்த அமெரிக்கா, ஆவணமில்லாதவரைத் தெரிந்தே வேலைக்கு வைப்பதைக் குற்றமாக்கியது. ஆனால் காட்டிய ஆவணம் பார்வைக்கு அசல் மாதிரி இருந்தாலே முதலாளி தப்பிக்கலாம். விலங்கு எப்போதும் தொழிலாளியின் கையில்தான். இருக்கிற வேலைக்கு ஏற்ற அளவு விசா கொடுக்கணும், முதலாளியை மாற்றும் உரிமையோடு கொடுக்கணும், மீறினால் முதலில் முதலாளியைப் பிடிக்கணும். அதற்குப் பிறகும் எல்லை தாண்டினால் "வரிசையில் வா" என்று சொல்வதில் அர்த்தம் உண்டு.

நாளைக்கு நம்மில் சிலரும் அந்த ஊர் ஏர்போர்ட்டில் இறங்குவோம். ஆவணமில்லாமல் அங்கே இருப்பவர்களில் பலர் விசாவோடு முறையாகப் போய், காலம் முடிந்தும் திரும்பாதவர்கள் என்பதையும் மறக்க வேண்டாம். உங்களுக்கு இதில் மாற்றுக் கருத்து இருக்கா? தயங்காம எழுதி அனுப்புங்க, அடுத்த இதழில் பேசுவோம்.